மருத்துவிச்சியைக் காப்பாற்றும் வழிகள்

முன்னால் விடச் சொல்கிறான். மருத்துவிச்சியை ஆற்றங்கரையில் தனியே விட்டால் எதிரியின் குதிரைகள் அவளைக் கண்டு மேட்டிலிருந்து இறங்கி வருமாம். வரும்போது பற்றைக்குள் நிற்கும் வில்லாளிகள் ஒவ்வொன்றாக விழுத்தலாமாம். கெட்டிக்காரன்தான், இல்லையென்று சொல்ல ஏலாது. இவ்வளவு காலத்தில் இந்த விளையாட்டைப் பற்றி என்னோடு ஒழுங்காகக் கதைத்த ஒரே ஆம்பிளை. கட்டினால் சாகும்வரைக்கும் கதைக்கலாம். ஆனால் அந்த மனுசியின் கையில் ஒரு கத்திகூட இல்லையே, இவன் அதைக் கவனிக்கவேயில்லையா?

தவமலர் இதில் ஒன்றையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தொலைபேசியின் சுருள் வயரை விரலில் சுற்றிக்கொண்டு, "ஓம்... ஓம்... அப்பிடியும் செய்து பாக்கலாம்" என்றாள்.

குலசிங்கம் ரொறொன்ரோவில் ஒரு சாமான் கிட்டங்கியில் இரவு வேலை செய்துவிட்டு, அங்கே விடிகிற நேரத்தில் எடுப்பான். இங்கே திருகோணமலையில் அது பின்னேரம்; றஊப் நானாவின் கடையில் ஆட்கள் கூடும் நேரம். கடையின் பெயர்ப்பலகையில் 'கொமினிக்கேசன்' என்று இருந்தாலும் தொலைபேசி ஒரு மூலையில்தான் இருந்தது. மிச்ச இடம் முழுக்க ரீவிகளும் அவற்றின் முன்னால் கதிரைகளும். மணித்தியாலக் கணக்கில் கேம் விளையாடலாம், சீடி வாடகைக்கும் எடுக்கலாம். தவமலருக்கு இரண்டுக்கும் நடுவில் ஒரு மேசை.

கலியாணத்தைப் பேசிவந்தவர் மாமா கனகசுந்தரம். அரசாங்கக் கச்சேரியில் காணிப் பகுதியில் வேலைபார்த்து இளைப்பாறியவர். காணிப் பிணக்குகளைத் தீர்த்த கையால் மருமகளையும் தீர்த்துவிடுவது என்று இருந்தார். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, முப்பத்து நாலு வயது, சண்டை திரும்பத் தொடங்கிய வருடம். வெளியே போக அவளுக்குக் கிடைத்த ஒரே வாசல் இதுதான் என்று மாமா சொன்னார். தவமலரும் அதை மறுக்கவில்லை. பிடிக்காத மாப்பிள்ளையாக இருந்திருந்தால், கண்ணை மூடிக்கொண்டு ஓம் என்று சொல்லிவிட்டு விமானத்தில் ஏறி இருந்து அழுதிருப்பாள். இவனை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. அதனால் யோசிக்க வேண்டியிருந்தது.

பிடித்ததற்கு முதல் தொலைபேசிதான் காரணம். என்ன பொழுதுபோக்கு என்று கேட்டால் தையல் என்று சொல், கோயிலுக்குப் போவேன் என்று சொல் என்று மாமா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். அவன் அதைத்தான் கேட்டான். அவளுடைய வாய் வேறு ஒன்றைச் சொல்லிவிட்டது.

"கேம் விளையாடுறது. காரோட்டுறது, சுடுறது இல்லை. கட்டம் கட்டமா ஆக்களை நகர்த்திச் சண்டை பிடிக்கிறது. யப்பான்காரன்ரை."

அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தாள். கலியாணமும் சேர்ந்து அறுந்துவிட்டது என்று நினைத்தபோது அவனுடைய குரல் வந்தது, மூச்சு வாங்கிக்கொண்டு.

"எது? ஒரு சின்ன ராசகுமாரன், வெள்ளைக் குதிரை, ஒரு ஆறு வரும், அதோ?"

"ஓம்! நாங்கள் 'வெள்ளைக்குதிரை' எண்டுதான் சொல்லுறது."

"ஐயோ கடவுளே," என்றான் குலசிங்கம். வேறு எந்த மாப்பிள்ளையும் பெண்ணின் சீதன விபரத்தைக் கேட்டுக்கூட அப்படி உருகியிருக்கமாட்டான்.

அந்தச் சீடி கொழும்பிலிருந்து ஒரு கட்டோடு கட்டாக வந்தது. உறையிலும் உள்ளேயும் முழுக்க யப்பான் எழுத்து. சதுரங்கப் பலகைபோலக் கட்டங்கள் போட்ட நிலம். நீலச் சட்டைக்காரர் உங்களுடைய ஆட்கள், சிவப்புச் சட்டைக்காரர் எதிரிகள். உங்களுடைய முறையில் நீங்கள் ஒவ்வொருவராக நகர்த்தி முடிக்கும்வரைக்கும் எதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். நீங்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து யோசித்தாலும் நிற்பான். நகரத்தில் வேறெங்கும் அப்படியொரு எதிரி கிடையாது என்பதால் தவமலருக்கு அது முதல் நாளே பிடித்துக்கொண்டது.

எந்த எழுத்து அடிப்பது, எந்த எழுத்து காயம் மாற்றுவது என்பதை அவள் அமத்தி அமத்தியே பழகினாள். ஒருமுறை ஓர் எழுத்து பார்க்க வடிவாக இருக்கிறதே என்று அமத்தியதில் முழுப் படையும் சரணடைந்துவிட்டது. கதையை அவளே படங்களைப் பார்த்து உண்டாக்கினாள். ஆறு நீலக்காரருடையது, சிவப்புக்காரர் தண்ணீரை மறித்துவிட்டார்கள், சின்ன ராசகுமாரன் ஆற்றை மீட்கப் போகிறான். அவனோடு போகிறவர்களில் ஒருத்தி தலையில் துணி கட்டி, கையில் ஒரு பையோடு, காயப்பட்டவர்களிடம் போய் நின்று கையை நீட்டுவாள். அவர்கள் எழும்பிவிடுவார்கள். அவளுக்கு மருத்துவிச்சி என்று பெயர் வைத்தாள். கடைக்கு வந்தவர்கள் அந்தக் கதையையே யப்பானில் எழுதிய கதை என்று நம்பினார்கள்.

என்ன கேம் எடுக்கலாம் என்று யாரும் கேட்டால் தவமலர் திருப்பி ஒன்று கேட்பாள்: "உங்கடை ஆக்களிலை ஒராள் செத்தால் என்ன செய்வீங்கள்?" செத்தால் செத்ததுதான் என்பவர்களுக்குக் காரோட்டப் போட்டி. திரும்ப முதலிலிருந்து தொடங்குவேன் என்பவர்களுக்கு வெள்ளைக்குதிரை. செத்தது யார் என்று பார்த்துத்தான் சொல்லலாம் என்பவர்களும் இருந்தார்கள். அவர்கள் பெரும்பாலும் அரசாங்க உத்தியோகத்தர்கள். அவர்களுக்குக் கிரிக்கெட் கொடுத்து அனுப்புவாள்.

வெள்ளைக்குதிரையை எடுத்தவர்கள் எல்லோரும் ஒரே விதமாகத்தான் வந்து சொன்னார்கள். "இது எங்கடை கதை பிள்ளை," என்றார் கணிதம் ரியூசன் கொடுக்கும் பாக்கியரத்தினம் மாஸ்டர். "அச்சொட்டா எங்கட கததான் தங்கச்சி," என்றான் கிண்ணியாவிலிருந்து மீன் ஏற்றிவரும் தாஹிர். டொக்யாட்டிலிருந்து சிவில் உடுப்பில் வரும் ஒரு நேவிக்காரனும் தனக்குத் தெரிந்த தமிழில், "அக்கா, இது நம்ம கதை" என்றான். தண்ணீரை மறித்தவர்கள் யார் என்று தவமலர் ஒருவருக்கும் சொல்லவில்லை. அவரவர் தங்களுக்குத் தோதான ஆளைச் சிவப்புச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்கள். அந்தக் கடையில் ஒரு நாளும் ஒருத்தரும் சிவப்பாக இருக்கவில்லை.

எல்லோரும் ஒரே இடத்தில்தான் மாட்டினார்கள். ஒன்பதாவது சண்டையில், ஆற்றைக் கடக்கும்போது, மருத்துவிச்சி செத்துப்போவாள். சாக விட்டுவிட்டும் போகலாம். கேம் தன்பாட்டில் நடக்கும். ஆனால் தவமலர் அவர்களைத் தெரிந்தெடுத்த விதமே அப்படியாயிற்றே. ஒருத்தரும் விட்டுவிட்டுப் போகவில்லை. திரும்பத் தொடங்கினார்கள். கடையில் அது ஒரு பொதுப் பிரச்சினையாகிவிட்டது.

"ராவெல்லாம் யோசிச்ச," என்பான் தாஹிர் மீன்வாடையோடு வந்து. "அவள எங்கட குதிரக்காரனுக்குப் பின்னுக்கு வெச்சா என்ன?"

"வச்சுப் பாத்தாச்சு. அம்பு மேலாலை வருது."

"அம்பு வர்றதுக்கு நிகழ்தகவு ஒண்டு இருக்கு பிள்ளை," என்பார் மாஸ்டர். "அது எப்பிடியும் ஒரு தரம் பிழைக்கோணும். கணிதத்திலை பொய் இல்லை."

"நாலு ஆள் சுத்தி போடு அக்கா. நோனா நடுவில," என்பான் நேவிக்காரன், மாஸ்டருக்குப் பின்னால் நின்று எட்டி, மருத்துவிச்சியைக் காட்டி.

வெளியே சோதனைச் சாவடியில் இதே மாஸ்டரை இதே நேவிக்காரனின் கூட்டாளிகள் கையை உயர்த்தச் சொல்லித் தடவிவிட்டுத்தான் உள்ளே விட்டிருப்பார்கள். கடைக்குள் அந்த மூவரும் ஒரு யப்பான் மனுசியைக் காப்பாற்றத் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். றஊப் நானா மட்டும், "ஒரு பொம்புளயக் காப்பாத்த ஏலாத ஆம்புளயள் எனக்குக் கடைய நடத்தித் தாராங்க, அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டு திரிவார்.

குலசிங்கத்துக்கு இந்தப் பாடு இருக்கவில்லை. அவனிடம் இருந்தது ஆங்கிலத்தில். அவன் அதை எப்போதோ முடித்துவிட்டு, அதைவிடப் பெரிய கேம்களுக்குப் போயிருந்தான். வேறு மாப்பிள்ளைமார் சேலையும் வாசனைத் தண்ணியும் அனுப்புகிற காலத்தில் இவன் ஊருக்கு வந்த ஒருவரிடம் சொக்கிலேற் ரின்னுக்குள் சீடிகளை வைத்து அனுப்பினான். மாமா ரின்னைத் திறந்து, சொக்கிலேற்றை எடுத்துக்கொண்டு, சீடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வீட்டு வீடியோவாக்கும். நல்ல குடும்பம்," என்றார்.

எதை முதலில், எதைப் பிறகு விளையாட வேண்டும் என்று அவன் தொலைபேசியில் சொல்வான். சொல்லும்போது அவனுடைய குரலில் ஒரு வெளிச்சம் வரும். அவளுக்கு அது பிடிக்கும்.

"இந்த 'எரிஞ்ச கோட்டை' இருக்கெல்லே, அதிலை ஒரு கிராமத்தை விடோணும். விட்டாத்தான் கோட்டை கிடைக்கும். சனம் அவசரப்பட்டு கிராமத்தைக் காக்கப் போய்த் தோக்கிறது."

"ம்."

"மற்றது, நீலப் பெட்டியிலை இருக்கிறது. அதிலை தம்பிக்காரனை விடோணும். கொஞ்சம் மனசுக்குக் கஷ்டம்தான். ஆனா பிறகு பாருங்கோ, என்ன விளையாட்டு!"

அவன் பரிந்துரைக்கிற ஒவ்வொரு கேமிலும் யாரோ ஒருவரை எங்கேயோ விட்டுவிட்டு வரவேண்டியிருப்பதை அவள் கவனித்தாள். கவனித்ததை மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள். ஆறுமாதமாக ஒரே சண்டையில் நின்று ஒரு மனுசியைத் தூக்கிப் பிடிப்பதைவிட அது புத்திசாலித்தனம்தானே என்று தனக்குத் தானே சொல்லியும் பார்த்தாள்.

பிறகு மாவிலாற்றில் தண்ணீரை மறித்த பிரச்சினை வந்தது. அது பிரச்சினையாக இருந்து சண்டையாகியது. பின்னேரங்களில் துறைமுகப் பக்கமிருந்து கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் செல் குண்டுகள் போகத் தொடங்கின. கடைக் கண்ணாடி அலுமாரிக்குள் சீடிகள் நடுங்கும்.

"என்ன அது? ஆட்லறியோ?" என்றான் குலசிங்கம் ஒரு நாள்.

"தெரியாது. செல் போகுது."

"ஒரு நிமிசம், ஒரு நிமிசம். ரிசீவரை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பிடியுங்கோ. எந்தப் பக்கமிருந்து போகுது எண்டு பாப்பம்."

வயர் எட்டும்வரைக்கும் இழுத்துக்கொண்டுபோய் வாசலில் கையை நீட்டிப் பிடித்தாள். வீதியில் ஒருத்தரும் இல்லை. மதில் ஓரமாக நகரத்து மான்கள் இரண்டு நின்று அவளைப் பார்த்தன. ரொறொன்ரோ கேட்டுக்கொண்டிருந்தது. கையை நீட்டிக்கொண்டு நின்றபோது தான் யாருக்கோ பிச்சை போடுகிறமாதிரி இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. எடுத்துக் காதில் வைத்தபோது அவன் பூரித்துப்போயிருந்தான்.

"மல்ரிபரல் றொக்கெற்! ஒண்டும் யோசியாதேங்கோ. ஆமிக்காரன் பயந்துபோய்த்தான் இப்பிடி அடிக்கிறான்."

அடுத்த கிழமை அவன் சொன்னான், அங்கே ஒரு வானொலியில் தன்னுடைய சிநேகிதன் இருக்கிறானாம். 'திருமலையில் இருந்து எமது களநிலைச் செய்தியாளர் அறியத் தருவதாவது' என்று சொல்லி, அந்தப் பின்னேரத்தை வாசித்தானாம். களநிலைச் செய்தியாளர் அன்று பயத்தில் பின்னறைக்குள் போய் நின்றதை வானொலி சொல்லவில்லை.

ஈச்சிலம்பற்றுப் பக்கம் செல் விழுந்த செய்தி வந்தபோது அவள் வாய்விட்டு அழுதாள். அங்கேதான், இலங்கைத்துறையில், அவளுடைய சின்னம்மா புஷ்பவதி இருந்தாள். கடலில் புருசனைக் கொடுத்துவிட்டு, கருவாடு போட்டுச் சீவித்தவள்.

"அழாதேங்கோ தவம்," என்றான் குலசிங்கம். உண்மையான இரக்கத்தோடுதான் சொன்னான். "இது பின்வாங்கல் இல்லை. தந்திரோபாயப் பின்வாங்கல். இயக்கப் பொடியள் கிழக்கை விட்டிட்டு வடக்கிலை வைச்சுப் பிடிப்பினம். நீங்கள் 'எரிஞ்ச கோட்டை' விளையாடினனீங்கள்தானே, உங்களுக்கு விளங்கும்."

அவளுக்கு விளங்கியது. விளங்கியதால் ஆறுதலும் வந்தது. அன்றிரவு படுக்கையில் கிடந்தபோது, வந்த ஆறுதலை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

சின்னம்மா மாரி மழையோடு வந்து சேர்ந்தாள். வாகரைப் பக்கம் ஓடி, அங்கேயும் விழ, காட்டால் நடந்து கந்தளாய்க்கு வந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தவளை மாமாதான் போய்க் கையெழுத்து வைத்துக் கூட்டிவந்தார். கால் இரண்டும் வெடித்துப் புண். கையில் தேங்காய் துருவுகிற ஒரு துருவலை.

"இதையோ சின்னம்மா தூக்கிக்கொண்டு வந்தனீங்கள்?"

"செல் விழேக்கை துருவிக்கொண்டிருந்தனான். எழும்பி ஓடிற்றன். காட்டுக்குள்ளை வந்துதான் பாக்கிறன், நகை பெட்டிக்குள்ளை கிடக்கு, இது கையிலை கிடக்கு." சொல்லிவிட்டுச் சின்னம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே பக்கத்து வீட்டு மனுசியும் பிள்ளைகளும் பங்கருக்குள்ளேயே செத்துப்போனதைச் சொன்னாள். சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று தவமலருக்குத் தெரியவில்லை.

வீட்டில் தனியே இருக்கச் சின்னம்மாவுக்குப் பயம். பின்னேரங்களில் கடைக்கு வந்து தவமலருக்குப் பின்னால் ஒரு கதிரையில் இருப்பாள். குலசிங்கம் அதைக் கேள்விப்பட்டதும் அவனுக்கு ஒரு யோசனை வந்தது.

"சின்னம்மாவை எங்கடை வானொலியிலை கொஞ்சம் கதைக்கச் சொல்லுங்கோவன். நேரே அங்கையிருந்து வந்த ஆள். சனம் எவ்வளவு உறுதியா இருக்குது எண்டு ரெண்டு வசனம். போதும்."

மாமாவுக்கும் அது சரியாகப் பட்டது. மாப்பிள்ளை பகுதிக்கு நாங்கள் செய்யிற ஒரு மரியாதை என்றார். சின்னம்மாவைப் புதுச் சேலை உடுக்கச் சொல்லிக் கூட்டிவந்தார், வானொலியில் அது தெரியாது என்பதை ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு கனத்த குரல், தாயே, வணக்கம், மரணத்தின் வாசலிலும் மண்டியிடாத எங்கள் மண்ணின் தாயே என்று நெடுநேரம் பேசிவிட்டு, "இந்தத் தந்திரோபாயப் பின்வாங்கலை மக்கள் எப்படிப் பார்க்கினம் அம்மா?" என்று கேட்டது.

சின்னம்மா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"தம்பி, நாங்கள் ஓடினது. அதுக்கும் அப்பிடி ஏதும் பேர் இருக்கோ?"

அங்கே ஒரு இருமல் கேட்டது. நேயர்களுக்கு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று குரல் அவசரமாகக் கேட்டது.

"ஓம். நீங்களெல்லாம் எப்ப வாறீங்கள்? அங்கை பங்கர் தோண்ட ஆள் காணாது."

பாட்டுப் போட்டுவிட்டார்கள். மாமா மூன்று நாள் சின்னம்மாவோடு கதைக்கவில்லை. குலசிங்கம் பெருந்தன்மையாக, அதிர்ச்சியில் இருக்கிற ஆள், பரவாயில்லை என்றான். அப்படி அவன் சொன்னதும் தவமலருக்கு அவனை இன்னும் கொஞ்சம் பிடித்தது. கோபிக்காத ஆம்பிளை இந்த ஊரில் எங்கே இருக்கிறான்?

அந்தக் கிழமையில்தான் சின்னம்மா முதன்முதலாக ரீவிப் பக்கம் திரும்பி, ஒன்பதாவது சண்டையைப் பார்த்தாள். தாஹிரும் மாஸ்டரும் வழக்கம்போல நின்றார்கள்.

"இந்த மனுசி ஏன் நிக்குது?" என்றாள் சின்னம்மா.

"அவதான் காயம் மாத்துறவ."

"காயம் மாத்துறது சரி. செல் வருதெண்டு தெரியுதுதானே. ஏன் நிக்குது? ஓடச் சொல்லு."

"அவ ஓடினா மற்ற ஆக்கள் செத்துப்போவினம் சின்னம்மா."

"அப்ப எல்லாரையும் ஓடச் சொல்லன்!"

தாஹிர் மாஸ்டரைப் பார்த்தான். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. குதிரைகளை எங்கே வைப்பது, மேட்டை எப்படிப் பிடிப்பது, எந்தக் கட்டத்தில் யாரை நிறுத்துவது என்றே மூளையைக் கசக்கியிருந்தார்கள். ஆற்றை விட்டுவிட்டுத் திரும்பிப் போகலாம் என்பது போர்க்கலையில் இல்லாத ஒரு காரியம்.

தவமலர் திரும்பத் தொடங்கினாள். முதல் முறையிலேயே எல்லோரையும் பின்னுக்கு எடுத்தாள். ராசகுமாரன், குதிரைக்காரர், வில்லாளிகள், நடுவில் மருத்துவிச்சி. ஆற்றங்கரை வெறுமையாகியது. சிவப்புக்காரர் இன்னும் அக்கரையில்தான் நின்றார்கள், எட்டாத் தூரத்தில். எல்லோரும் காட்டு விளிம்புக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். தாஹிர், "அல்லாவே, தப்பிட்டாள்!" என்று கையைத் தட்டினான்.

திரை கறுத்தது. எங்கிருந்தோ ஓர் அம்பு வந்தது. எட்டாத தூரத்திலிருந்து, ஆற்றுக்கு மேலாலும் மரங்களுக்கு ஊடாலும் நேரே அவளிடம் வந்தது. மருத்துவிச்சி பையைப் பிடித்தபடி விழுந்தாள்.

"இது கள்ள விளையாட்டு," என்றாள் சின்னம்மா.

மறுநாள் பின்னேரம் குலசிங்கம் எடுத்தபோது மாமாவும் கடைக்கு வந்திருந்தார். அன்று நாள் குறிக்கிற தொலைபேசி. தை மாதம், திருச்சியில், ஒரு சின்ன மண்டபத்தில் கலியாணம். பிறகு அங்கேயிருந்தே அவன் அவளைக் கூப்பிட்டுக்கொள்வான். எல்லாம் ஒழுங்கு. இவள் தன் வாயால் ஓம் என்று சொன்னால் சரி. மாமா மேசைக்கு முன்னால் நின்று, வீதிப் பொலிஸ்காரனைப்போல் கையால் "விடு, விடு" என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

அவள் கேட்டது வேறு. "நேற்று எல்லாரையும் பின்னாலை எடுத்துப் பாத்தன். அப்பவும் சாகிறாள். என்ன செய்ய?"

குலசிங்கம் சிரிக்கத் தொடங்கினான். நல்ல சிரிப்பு, மனசு நிறைந்து.

"தவம், தவம்... உங்களுக்கு வாசிக்க ஏலாதெல்லே, நான் அதை மறந்தே போனன். அது நீங்கள் பிழைவிட்டுச் சாகேல்லை. அப்பிடித்தான் எழுதியிருக்கு. என்ன செய்தாலும் அவள் அதிலை சாவாள்."

"என்ன செய்தாலும்?"

"ஓம். அவள் செத்தாத்தான் ராசகுமாரனுக்கு ஆவேசம் வரும். அந்தச் செய்தி போய்த்தான் மற்ற நாட்டு ராசாக்கள் உதவிக்கு வருவினம். பிறகுதான் உண்மையான கேமே தொடங்குது. நீங்கள் இவ்வளவு நாளும் வாசல்லை நிண்டிருக்கிறீங்கள்."

அவளுக்குத் தாஹிரின் நித்திரை கெட்ட முகம் நினைவுக்கு வந்தது, மாஸ்டரின் நிகழ்தகவும், சுற்றிவர நாலு ஆள் போடச் சொன்ன நேவிக்காரனும். எழுதி முடிந்துபோன ஒன்றோடு இவ்வளவு பேர் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"உண்மையிலும் அப்பிடித்தான்," என்றான் குலசிங்கம், குரலைத் தணித்து. "இதை வெளியிலை சொன்னால் சனத்துக்கு விளங்காது, உங்களுக்கு விளங்கும். சின்னம்மான்ரை ஊரிலை நடந்ததைக் கேக்க எனக்கும் நெஞ்சு வெடிக்குது. ஆனா கொஞ்சச் சனம் போகத்தான் வேணும் தவம். போனாத்தான் வெளிநாட்டுக்காரன் திரும்பிப் பாப்பான். சனம் இப்பிடி எழும்பி ஓடினால் அவன் எதைப் பாக்கிறது?"

வாசலில் சின்னம்மா புண்காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். வெளியே ஒரு மான் அவளுடைய வாழைப்பழத் தோலுக்குக் கழுத்தை நீட்ட, அவள் அதோடு ஏதோ கதைத்துக்கொண்டிருந்தாள்.

அவன் பொல்லாதவன் இல்லை. தவமலர் அதைத் தனக்கு மறுபடியும் சொல்லிப் பார்த்தாள். பொல்லாதவன் என்றால் எவ்வளவு சுகம். இரவிரவாகப் பெட்டி தூக்கிவிட்டு வந்து, நித்திரை கொள்ளாமல் என்னோடு கதைக்கிறான். எனக்கு ஒரு செல் துண்டு பட்டால் உண்மையாகவே அழுவான். என்னை இதற்குள்ளிருந்து எடுக்க வேண்டும் என்றுதான் தவிக்கிறான். எடுத்துவிடுவான். அவனுடைய கதையில் நான் தப்புகிற ஆள், சின்னம்மா சாகிற ஆள், அவ்வளவுதான்.

நான் மட்டும் என்ன? விமானத்தில் சன்னல் ஓரம் இருக்கிறதாக எத்தனை தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். சின்னம்மாவை மாமா பார்த்துக்கொள்வார் என்று ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டு, எவ்வளவு லேசாக அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கிறேன். அவன் வாய்விட்டுச் சொல்கிறான். நான் சொல்லவில்லை. போனால் நானும் அங்கே ஒரு குசினியில் நின்றுகொண்டு, இங்கே நடப்பதெல்லாம் எழுதியபடிதான் நடக்கிறது என்று சொல்லப் பழகிவிடுவேன். அதுவும் தமிழில், நல்ல ஆறுதலான குரலில்.

"அவளை விட்டிட்டு வாங்கோ," என்றான் குலசிங்கம். அவனுடைய குரலில் அந்த வெளிச்சம் வந்திருந்தது. "இண்டைக்கே அந்தச் சண்டையைக் கடந்துபோங்கோ. பத்தாவதிலிருந்து அவ்வளவு வடிவு. மிச்சத்தை இஞ்சை வந்து ரெண்டு பேருமா விளையாடலாம். தை மாதம் சரிதானே? ஓம் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ, நான் மாமாவோடை கதைக்கிறன்."

மாமா ரிசீவருக்குக் கையை நீட்டினார்.

தவமலர் ரிசீவரைக் கொடுக்கவில்லை. காதோடு இன்னும் கொஞ்சம் நெருக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடி அலுமாரிக்குள் சீடிகள் அசையாமல் இருந்தன. அன்று செல் போகாத பின்னேரம்.

"எனக்கு ஏலாது," என்றாள் மெதுவாக. "தை மாதமும் ஏலாது, பிறகும் ஏலாது. நீங்கள் வேலைசெய்து களைச்சு வந்திருக்கிறீங்கள். போய்ப் படுங்கோ."